பாட்டனார் விட்டுச்சென்ற கவைக்கோல்

சென்ற மாதம் வன்னியிலிருந்து எம் இல்லத்துக்கு வந்த உறவினர் ஒருவர், விறாந்தை மூலையிற் சாத்தியிருந்த கோலொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். "அண்ணை, இதுபோல எனக்கும் ஒன்று செய்து தாருங்கள். துவக்கைச் சாத்திக் குறிபார்க்க உதவும்" என்றார். கோலைச் செய்வது எளிது, செலவும் இல்லை. ஆயினும் நாம் உடனே இசையவில்லை. கோல் செய்யும் வகையையும், நாம் தயங்கிய காரணத்தையும் இன்று வாசகர்க்குக் கூறுவோம்.

அளவெட்டியிலே காடில்லை. செம்மண் தோட்டமும், பனங்கூடலும், கோயில் மேளமுமே எம்மூரின் சொத்து. ஆனால், முன்னாளில் வேட்டைப் பிரியர் சிலர் ஆனையிறவு கடந்து வன்னிக்குச் செல்வதுண்டு. எம் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். அனுமதிப்பத்திரம் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கொன்றும், பாலைமரத்தில் வெட்டிய கவைக்கோலொன்றும் அவரிடம் இருந்தன. நெஞ்சளவு உயரமான அக்கோலின் தலை, இரு விரலை விரித்தாற்போற் கிளைத்திருக்கும். அந்தக் கவையிலே குழலைச் சாத்தியே அவர் குறிபார்ப்பார்.

இது புதுமையான உபாயமன்று. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் போர்வீரர் பாரமான திரித்துவக்குகளைக் கவைக்கோலிலே தாங்கிச் சுட்டனர். ஒல்லாந்தில் 1607இல் வெளிவந்த யாக்கோப் டி கெய்னின் படைப்பயிற்சி நூலில் அக்காட்சியைப் படமாகக் காணலாம். நம் நாட்டிலும் கண்டி இராச்சியத்தவர் 'கொடித்துவக்கு' எனும் சிறு பீரங்கிக்கு மரக்கால் பொருத்தியிருந்தனர்.

கோலின் பயன் என்ன? மனிதன் மூச்சு விடுகிறான்; நெஞ்சு துடிக்கிறது; ஏந்திய கை ஓயாது அசைகிறது. குழல் ஒரு பாகை விலகினால், 50 மீற்றருக்கு அப்பால் அது ஏறக்குறைய 87 சதமமீற்றர் பிழையாகும். ஒற்றைக்கோல் மேல்கீழ் அசைவைக் குறைக்கும். இருகாற்கோல் பக்க அசைவையும் அடக்கும். முக்காலியோ தானாகவே நிற்கும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைவதால், மேடுபள்ளத்திலும் முக்காலி ஆடுவதில்லை.

செய்யும் முறை இது. பெருவிரற் பருமனுள்ள மூங்கிற்கழி மூன்று எடுத்துக்கொள்க. நீளம் தம் உயரமளவு இருத்தல் நன்று. பச்சைக் கழி உலருங்காற் சுருங்கிக் கட்டு நெகிழுமாதலால், முதலில் நிழலில் நன்கு உலர்த்துக. கோணல் இருப்பின் தணலிலே இலேசாக வாட்டி நிமிர்த்தலாம். அடிமுனை கணுவோடு முடியும்படி வெட்டுக. கணுவின்றேல் முனை விரைவிற் பிளந்துவிடும். பழைய சைக்கிள் ரியூப்பை அரை அங்குல அகல நாடாவாகக் கீறி, உச்சியிலிருந்து அரையடி கீழே, கழிகளின் இடையிடையே நாடா புகுந்து வருமாறு ஆறேழு சுற்றுச் சுற்றி முடிக. பின் கால்களை முறுக்கி விரித்தால், மேலே மூன்று முனைகளும் பிரிந்து ஏந்துகவையாகும். கால்களை அகற்றினால் கவை தாழும், ஒடுக்கினால் உயரும். கவையினுள்ளே பழந்துணி சுற்றினால் ஓசை எழாது. வைக்கும் பொருளும் தேயாது.

இனி எம் தயக்கத்துக்கு வருவோம். ஒருநாள் பாட்டனார் அவசரத்திற் கோலை ஊன்றாமலே ஒரு மானைச் சுட்டாராம். குறி தவறி மான் காயத்தோடு ஓடியது. இருட்டும் மட்டும் இரத்தச் சுவட்டைத் தொடர்ந்தும் காணவில்லை. மறுநாட் காலை நீர்க்கரையிலே கண்டபோது அதற்கு உயிர் இருந்ததாம். "தம்பி, அது என்னைப் பார்த்தது" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. அதன்பின் அவர் வேட்டைக்குச் சென்றதுமில்லை. போர்க்காலத்திலே துவக்கும் எம் வீட்டை விட்டுப் போயிற்று. கோல் மட்டும் எஞ்சியது.

1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே பெயர்ந்து சென்ற அந்த மழையிரவில், நாவற்குழிப் பாலத்தை அவர் அக்கோலை ஊன்றியே கடந்தார். மறுகை எம் தோளில் இருந்தது. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது கோல் வந்தது, பாட்டனார் வரவில்லை.

உறவினரிடம் இதனைக் கூறினோம். "பன்றி மரவள்ளியை முழுதும் கிண்டிவிட்டது, என் பிள்ளைகள் எதைத் தின்பது?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் உண்டு. மாதச் சம்பளம் வாங்கும் நாம் அதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆனால், அவரிடம் இருப்பதோ பத்திரமில்லாத இடியன் துவக்கு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். பன்றிக்கென எடுத்த துவக்கு மானையும் மரையையும் கண்டால் வாளாவிராது என்பதை அவரே சிரித்தவாறு ஒப்புக்கொண்டார். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றைக் கொல்வதைத் தடுக்கிறது. பயிர்காக்கத் துவக்கு வேண்டுவோர் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வழியுண்டு என்றோம். அவர் முகம் வாடித் தேநீரை அருந்தாமலே எழுந்து சென்றார். அது எம் மனத்தை இன்னும் உறுத்துகிறது.

மறுவாரம் எம் மகன் பழைய தொலைநோக்கி ஒன்றோடு அராலிப் பாலத்தருகே நீர்ப்பறவைகளைப் பார்க்கச் சென்றான். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி கைநடுக்கத்தையும் எட்டு மடங்காக்கும். "அப்பா, ஒன்றையும் எண்ண முடியவில்லை" என்றான். அன்று மாலையே இருவருமாக மேற்சொன்ன முக்காலியைக் கட்டினோம். மறுநாள் அவன் நாரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொப்பியிலே குறித்தான். எண்ணப்பட்டவை அனைத்தும் உயிரோடு பறந்துசென்றன.

மூங்கில் இன்னும் மிகுதியாக உள்ளது. உறவினர் பத்திரம் பெற்று வருவாராயின், மரவள்ளித் தோட்டக் காவலுக்கென ஒரு கோலை எம் கையாலேயே கட்டிக்கொடுப்போம். பத்திரம் கிடைக்கத் தாமதமாயினும், அன்று ஆறிப்போன தேநீருக்கு ஈடாக வேறொரு கோப்பை எம் வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும்.