உங்கள் வீட்டில் யார் பாடுவார்கள்?



பிறந்தநாள், புதுமனைப் புகுவிழா, அபார்ட்மென்ட் பொங்கல் விழா என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் இப்போது கரோக்கேவும் வந்துவிடுகிறது. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒரு மைக், யூடியூபில் குரல் நீக்கிய ட்ராக். கச்சேரி தயார். வெறும் பொழுதுபோக்குதானே என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இது பிறந்த கதை தெரிந்தால் உங்களுக்கும் வராது.

1967. தோக்கியோவில் மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்கூடம் நடத்திவந்தார் ஷிகெயிச்சி நெகிஷி. வேலைக்கு வரும்போதே ஏதாவது பாடிக்கொண்டு வருவது அவர் பழக்கம். அவர் பாட்டை உடன் வேலை செய்தவர் ஒருநாள் கிண்டல் செய்தார். வேறொருவராக இருந்தால் அன்றோடு வாயை மூடியிருப்பார். நெகிஷியோ, பின்னணி இசை கூடவே ஒலித்தால் நாமும் நன்றாகப் பாடலாமே என்று யோசித்தார். டேப் ஓடும் கருவி, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் இணைத்து ஒரு பெட்டி செய்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியும் பிள்ளைகளும் ஆளுக்கொரு முறை பாடினார்கள். கரோக்கேயின் ஆரம்பமே ஒரு குடும்பக் கச்சேரிதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நெகிஷி 2024 ஜனவரியில், 100 வயதில் காலமானார்.

அவரைப் பற்றி எதுவும் அறியாமல், கோபே நகரில் இன்னொருவர் இதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். டைசுகே இனோவே. மதுக்கூடங்களில் பாட ஆசைப்படும் வாடிக்கையாளர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது அவர் பிழைப்பு. இசைக்குறிப்பு பார்த்து வாசிக்கத் தெரியாது. பாடுகிறவர் எங்கே இழுக்கிறாரோ, எங்கே தடுமாறுகிறாரோ, அங்கெல்லாம் அவரோடு கூடவே போவார். அதனாலேயே பாடத் தெரியாதவர்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

அப்படி ஒரு வாடிக்கையாளர், ஒரு நிறுவனத்தின் தலைவர், வெந்நீர் ஊற்று இருக்கும் ஊருக்குச் சுற்றுலா போகும்போது தனக்கு வாசிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த வாடிக்கையாளரின் குரலுக்குத் தோதாக இசையை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். ஆளில்லாமலே வேலை நடந்தது. 1971-இல் 11 பெட்டிகள் செய்து, கோபே மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். 100 யென் நாணயம் போட்டால் யாரும் பாடலாம். காப்புரிமை அவர் வாங்கவே இல்லை. பின்னர் பிலிப்பைன்ஸில் ராபர்ட்டோ டெல் ரொசாரியோ என்பவர் தன்னுடைய பாட்டுக் கருவிக்கு அதை வாங்கினார்.

மதுக்கூடத்துக்குள்ளேயே நின்றிருந்தால் கரோக்கே நம் வீட்டுக் கூடத்துக்கு வந்திருக்குமா? 1985-இல் ஒகயாமா பகுதியில் ஒருவர் சரக்கு கன்டெய்னரைத் தனியறையாக மாற்றி, பாடுவதற்கென்றே வாடகைக்கு விட்டார். அந்த மாதிரி அறைகள் பெருகியதும் மாணவர்கள், பெண்கள், குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் இடம் கிடைத்தது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் தெரிந்தவர்கள். கூச்சம் பாதி அங்கேயே போய்விடும். இன்னொருவர் பாடும்போது பொறுமையாகக் கேட்டால்தான் நம் முறை வரும் என்பதையும் அந்த அறை சொல்லாமலே கற்றுக்கொடுக்கும். சிரிப்போடு சிந்திக்கவும் வைக்கும் சாதனைகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசுகளில், 2004-ஆம் ஆண்டின் அமைதிப் பரிசு இனோவேக்குப் போனது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளக் கரோக்கே புதுவழி காட்டியது என்பதே காரணம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

டி.வி. பாட்டுப் போட்டிகளைப் பார்த்துப் பார்த்து நாம் எல்லோருமே நடுவர்களாகிவிட்டோமோ? சித்தப்பா பல்லவியை முடிப்பதற்குள் 'சுருதி விலகுது' என்கிறோம். சமையலறையில் முணுமுணுத்துப் பாடும் அம்மா, நாம் உள்ளே போனால் சட்டென்று நிறுத்திவிடுகிறார். எப்போதோ யாரோ 'உனக்கெல்லாம் எதுக்குப் பாட்டு?' என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக வாழ்நாள் முழுக்கப் பாடாமல் இருப்பவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுக்காகவே செய்யப்பட்ட கருவி இது. நன்றாகப் பாடுபவர்களுக்குத்தான் ஏற்கெனவே மேடை இருக்கிறதே!

அதனால் அடுத்த முறை உறவுகள் கூடும்போது, வழக்கமாகப் பாடும் பிள்ளைகளுக்கு முன்னால், ஒருமுறைகூடப் பாடாதவரிடம் மைக்கைக் கொடுங்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். நீங்களும் சேர்ந்து ஒரு சரணம் பாடினால் அவரே தொடர்வார். மதிப்பெண் போடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அவர் சம்மதமில்லாமல் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது கண்டிப்பாகக் கூடாது; அதற்குப் பிறகு அவர் பாடவே மாட்டார்.

இன்னொன்று. எஸ்.பி.பி., ஜானகியம்மா பாடிய அதே கட்டையில் பாட நம்மில் எத்தனை பேரால் முடியும்? பல ஆப்களில் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி உண்டு. பாடுகிறவருக்கு எட்டும் அளவுக்கு இறக்கிக்கொடுங்கள், இனோவே தன் வாடிக்கையாளருக்குச் செய்தது போலவே. இரவு ஒன்பது மணிக்கு மேல் மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம்.

உங்கள் வீட்டில் முதல்முறையாக மைக் பிடித்தவர் யார், என்ன பாட்டுப் பாடினார் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்