புள்ளி இருந்தா இருக்கட்டும், முகம் எங்கே?

கல்யாணமோ காதுகுத்தோ காலேஜ் ஷார்ட் பிலிமோ, எங்க ஒரகடம் பக்கம் ராத்திரியில எதை வீடியோ எடுத்தாலும் எடிட்டிங்ல ஒரு சடங்கு தவறாம நடக்கும். "பாஸ், ஒரே நாய்ஸா இருக்கு, கிளீன் பண்ணிடலாம்." சாப்ட்வேர்ல ஒரு ஸ்லைடரை வலது பக்கம் கடைசி வரைக்கும் இழுப்பாங்க. புள்ளி எல்லாம் போயிடும். கூடவே பாட்டி முகத்துச் சுருக்கம், மாப்பிள்ளையோட அம்மைத் தழும்பு, புடவை ஜரிகை எல்லாம் போயிடும். மிச்சம் இருக்கிறது மெழுகு பொம்மை. இதுக்குப் பேரு குவாலிட்டியாம்!

அழகு கெடுதுங்கிறது மட்டும் இல்லைங்க என் பிரச்சினை. இது பொய்க்கணக்கு.

முதல்ல நாய்ஸ்னா என்னன்னு பார்த்துடலாம். மொட்டை மாடியில ஒரே அளவு டம்ளர்களை வரிசையா வச்சு மழையைப் பிடிங்க. எல்லாத்துலயும் ஒரே எண்ணிக்கையில துளி விழாது. சராசரியா 10,000 துளி விழுந்தா ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துளிதான் விழுந்துச்சுன்னா ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். சென்சார்ல டம்ளருக்குப் பதில் பிக்சல், மழைத்துளிக்குப் பதில் ஒளித்துகள். வெளிச்சம் குறையக் குறைய இந்த ஏற்ற இறக்கம் பெருசாத் தெரியும். திரையில ஊருற புள்ளி பெரும்பாலும் இதுதான். சென்சாரோட எலக்ட்ரானிக்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஐஎஸ்ஓவை ஏத்தினா வெளிச்சம் கூடாது. வந்த கொஞ்சத்தையும் அதோட புள்ளியையும் சேர்த்துப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இப்ப காமர்ஸ்காரன் பாஷைக்கு வர்றேன். இருப்பாய்வு டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல போடணும்னு பிளஸ் ஒன்லயே சொல்லிக் கொடுத்தாங்க. "இந்தத் தொகைக்கு இன்னும் விவரம் தெரியல"ன்னு நேர்மையா எழுதி வைக்கிறது அது. நாய்ஸும் அப்படித்தான். "இந்த இடத்துல எனக்கு வெளிச்சம் பத்தல"ன்னு கேமரா எழுதிக் கொடுக்குது. அதை அழிச்சுட்டு அங்க யூகத்தை எழுதினா அதுக்கு என்ன பேரு? சத்யம் கம்பெனி இல்லாத 5,000 கோடி ரூபாய்க்கு மேல ரொக்க இருப்பா காட்டினது 2009 ஜனவரியில வெளியே வந்துச்சே, அந்த பேலன்ஸ் ஷீட்டும் பார்க்க ரொம்ப கிளீனாதான் இருந்துச்சு.

"ஒரு கல்யாண வீடியோவுக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு கேப்பீங்க. சொல்றேன்.

ஒண்ணு, நிறம். கருப்புத் தோல் குறைவான ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். அதனால நாய்ஸ் அங்கதான் அதிகம், சாப்ட்வேர் அதிகமா இழைக்கிறதும் அங்கதான். ஒரே பிரேம்ல சிவப்பா இருக்கிறவருக்கு முகம் மிஞ்சும், நம்மளை மாதிரி ஆளுங்களுக்குப் பூசணிக்காய்தான்.

ரெண்டு, சாட்சி. இது ஷிப்ட்ல ஓடுற ஊரு. இங்க ராத்திரியும் பொழுதுதான். 2021 டிசம்பர்ல சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள், ஹாஸ்டல் சாப்பாட்டால நிறைய பேருக்கு உடம்பு கெட்டதும் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில இறங்கி மறியல் பண்ணினாங்க. சிலர் செத்துட்டாங்கன்னு வதந்தி வேற. அப்படி ஒரு ராத்திரியில "இது அவதானா?"ன்னு ஒரு வீடியோவைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தா, உங்களுக்கு வேண்டியது புள்ளி நிறைந்த நிஜ முகமா, சாப்ட்வேர் வரைஞ்ச பளபள முகமா?

கோர்ட்டும் இதைத்தான் கேக்குது. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு கொலை வழக்கு. யாரோ போன்ல எடுத்த வீடியோவை ஏஐ சாப்ட்வேர்ல தெளிவாக்கிக் கொண்டு வந்தாங்க. 2024 மார்ச்ல நீதிபதி அதை ஏத்துக்க மறுத்துட்டார். நடந்ததைக் காட்டாம, நடந்திருக்கும்னு மாடல் நினைக்கிறதைக் காட்டுதுங்கிறதுதான் விஷயம். நம்ம நாட்டுல 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த புது சாட்சியச் சட்டத்துல, மின்னணு ஆதாரத்தோட கொடுக்கிற சான்றிதழ்ல ஃபைலோட ஹாஷ் மதிப்பையும் எழுதணும். ஃபைலுக்குக் கைரேகை மாதிரி அது. ஒரு பிரேமைத் தொட்டாலும் மாறிடும்.

அப்ப நாய்ஸை அப்படியே விட்டுடணுமா? இல்லை சாமி. குறைக்கிற இடம் எடிட்டிங் டேபிள் இல்ல, எடுக்கிற இடம். ஒரு டியூப்லைட்டை முகத்துப் பக்கம் திருப்புங்க. 25 பிரேம்ல எடுத்தா ஷட்டரை 50-ல வைங்க, நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்கு லைட் மினுக்காது. கிட் லென்ஸை ஜூம் பண்ணி எஃப் 5.6-ல எடுக்கிறதுக்கும் எஃப் 1.8 லென்ஸுக்கும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். அதுக்கும் மேல வேணும்னா, பல பிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிற முறை இருக்கு. அசையாத இடத்துல நாலு பிரேம் சேர்த்தா நாய்ஸ் பாதியாகும். அது நிஜமா வந்த வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிறது, யூகம் இல்ல. ஆனா ஆள் நகர்ந்தா நிழல் மாதிரி இழுக்கும், அளவா வைங்க.

அதனால அடுத்த தடவை யாராவது அந்த ஸ்லைடர்ல கை வச்சா ஒரே கேள்வி கேளுங்க: "ஒரிஜினல் ஃபைல் எங்க?" என்னைத் திட்டணும்னா தாராளமாத் திட்டுங்க, ஆனா ஒரிஜினலை அழிச்சுட்டு வந்து திட்டாதீங்க.