மானியம் யார் கையில்?

பணம் பாதாளம்வரை பாயும் என்பது பழமொழி. பாயட்டும்! பாதாளம்வரை பாயத் தெரிந்த அந்தப் பணம், நோயால் துடித்திடும் ஏழையின் கட்டிலருகே பாயுமா? அதுதான் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

"சிறுபான்மை மக்களின் உடல்நலத்துக்கென்று தனி மானியமா? எல்லோரும் ஒரே நாட்டு மக்கள்தானே! காய்ச்சலுக்கு நிறம் உண்டா? காசநோய் இனம் பார்த்தா வருகிறது?" என்று வாதாடுவோர் உண்டு. கேட்பதற்கு இனிப்பான வாதம். சமத்துவத்தையே உருக்கி வார்த்தது போலத் தோன்றும் வாதம்.

காய்ச்சலுக்கு நிறம் தெரியாது, உண்மை. ஆனால் மருத்துவமனை வாயிற்படிக்கு நிறம் தெரிந்திருந்ததே! அதற்கு என்ன பதில்?

செல்வத்திலே திளைக்கும் அமெரிக்க நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1946-ம் ஆண்டு, ஊர்தோறும் மருத்துவமனை கட்டப் பணம் தரும் சட்டமொன்று அங்கே இயற்றப்பட்டது. ஹில்-பர்ட்டன் சட்டம் என்பது அதன் பெயர். நல்ல சட்டந்தான், நாட்டுக்குத் தேவையான சட்டந்தான். ஆனால் பாலிலே ஒரு துளி நஞ்சு! கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்று இருந்தாலும் பாதகமில்லை, தரம் சமமாக இருந்தால் போதும் என்று அந்தச் சட்டமே இடம் கொடுத்தது. தனித்தனி என்பது நடந்தது. சமம் என்பது ஏட்டிலே கிடந்தது. கறுப்பின உழைப்பாளி செலுத்திய வரியும் அந்தப் பணத்திலே இருந்தது. அவன் கொடுத்த காசிலே கட்டடம் எழுந்தது. அந்தக் கட்டடத்தின் கதவு அவனுக்கே மூடப்பட்டது!

வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரிலே ஜார்ஜ் சிம்கின்ஸ் என்றொரு பல் மருத்துவர் இருந்தார்; கறுப்பினத்தவர். அவரிடம் ஒரு நோயாளி வந்தார், கடைவாய்ப் பல்லிலே சீழ் கட்டி, முகம் வீங்கி. மருத்துவமனையிலே படுக்கவைத்துச் சிகிச்சை தந்தாக வேண்டிய நிலை. கறுப்பர்களுக்கென்று இருந்த மருத்துவமனையிலோ இடமில்லை. நகரத்தின் இரு பெரிய மருத்துவமனைகளையும் கேட்டார். இரண்டும் சர்க்கார் மானியம் பெற்றவை; ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேலே பெற்றவை. இரண்டு கதவும் திறக்கவில்லை.

சிம்கின்ஸ் கைகட்டி நிற்கவில்லை. மற்ற மருத்துவர்களையும் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு 1962-ல் வழக்கு மன்றம் ஏறினார். முதலில் தோல்வி. மேல்முறையீட்டிலே, 1963-ல் வெற்றி. பொதுப் பணம் வாங்கிக்கொண்டு புறக்கணிக்க உரிமையில்லை, 'தனித்தனி' என்பதற்கு இடம் கொடுத்த விதியே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. உச்சநீதி மன்றம் 1964-ல் அதிலே தலையிட மறுத்தது; தீர்ப்பு நிலைத்தது.

அதே 1964-ல், சர்க்கார் பணம் பெறும் எந்த நிறுவனமும் இனபேதம் காட்டக்கூடாது என்று உரிமைச் சட்டம் வந்தது. 1966 ஜூலை முதல் நாள், முதியோருக்கான மெடிக்கேர் என்னும் மருத்துவக் காப்புத் திட்டம் தொடங்கிற்று. கோடிகோடியாய்ப் பணம் காத்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: "பேதத்தை விட்டால் பணம், விடாவிட்டால் இல்லை!" பார்வையாளர்கள் ஊர் ஊராய்ச் சென்றார்கள். காகிதத்திலே எழுதிக் கொடுத்ததை மட்டும் நம்பிவிடவில்லை. மருத்துவமனைக்குள்ளே உண்மையில் நடப்பது என்ன என்பதை அங்கே வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களும் உரிமை இயக்கத்தாரும் எடுத்துச் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களுக்குள்ளே தங்கள் தடுப்புச் சுவரைத் தாங்களே இடித்தன.

தலைமுறை தலைமுறையாக நீதியைக் கேட்டபோது திறக்காத கதவு, நிதியைக் காட்டியதும் திறந்தது! 1946-ல் சுவர் எழுப்பியதும் சர்க்கார் பணம். 1966-ல் சுவரை இடித்ததும் சர்க்கார் பணம். பணம் ஒன்றுதான். நிபந்தனை வேறு. அந்த நிபந்தனையை எழுதவைத்தது, வீதியிலே நின்று அடிபட்ட மக்களின் போராட்டம்.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? மக்களுக்காகச் செலவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, மக்களையே பலியிட்ட சர்க்காரையும் இந்தப் பூமி கண்டிருக்கிறது. அலபாமா மாநிலத்து டஸ்கிகியில், 1932 முதல் 1972 வரை, நாற்பதாண்டுக் காலம், கறுப்பின ஆண்கள் 600 பேரை அமெரிக்கச் சர்க்காரின் பொதுச் சுகாதாரத் துறை ஆராய்ச்சிக்கு உட்படுத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய். "உங்களுக்குக் கெட்ட இரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். இலவசப் பரிசோதனை உண்டு, சாப்பாடு உண்டு, செத்தால் அடக்கச் செலவுக்குப் பணமும் உண்டு. மருந்து மட்டும் இல்லை! பென்சிலின் வந்து, அந்த நோய்க்கு அதுவே மருந்தென்று உலகமறிந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் என்ன செய்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1972-ல் பத்திரிகையிலே வெளிவந்த பிறகே அந்தக் கொடுமை நின்றது. 1997-ல் குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தது, மாண்டவர் வரவில்லை.

இருள் இது. இனி ஒளியையும் காட்டுவோம்.

மிசிசிப்பி மாநிலத்திலே மவுண்ட் பேயு என்றொரு சிற்றூர். அடிமைத் தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887-ல் தாங்களே அமைத்துக்கொண்ட ஊர். சுற்றிலும் பருத்திக் காடு. இயந்திரம் வந்தது, பருத்தி பறித்த கைகளுக்கு வேலை போயிற்று, அடுப்பிலே பூனை உறங்கிற்று. ஜாக் கைகர் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், வறுமை ஒழிப்புத் திட்டத்தின் மானியத்தைக் கொண்டு 1967-ல் அங்கே நல்வாழ்வு நிலையம் திறந்தனர். வந்த குழந்தைகளைப் பார்த்தார் மருத்துவர். எலும்பும் தோலும்! நோயின் பெயர் பசி.

மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார்: பால், காய்கறி, இறைச்சி! ஊர் மளிகைக் கடைகள் அந்தச் சீட்டுக்குப் பொருள் கொடுத்தன. மருந்துக்கென்று ஒதுக்கிய பணத்திலிருந்து விலை போயிற்று. மேலிடம் பதறிற்று. "மருந்துப் பணத்திலே உணவா? அடுக்குமா?" என்று கேட்டது. பசிப்பிணிக்கு உணவே மருந்தென்று மருத்துவ நூல் கூறுகிறதே என்று அவர் விடை தந்தார், அதிகாரம் வாயடைத்தது!

அத்துடன் நின்றதா? கிணறு தோண்டினார்கள். கழிப்பிடம் கட்டினார்கள். நிலம் பிடித்துக் கூட்டுறவுப் பண்ணை அமைத்து, வேலையிழந்த குடும்பங்களே பயிரிட்டு உண்ண வழி செய்தார்கள். கை நீட்டிச் சீட்டு வாங்கிய மக்கள், கை உழைப்பால் கறிகாய் விளைவித்தார்கள்.

அந்த விதை இன்று பெருமரம். மத்திய சர்க்காரின் மானியம் பெறும் இத்தகைய நிலையங்களிலே, 2023-ம் ஆண்டில் மட்டும் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். இவற்றை நடத்தும் குழுவிலே பாதிக்கு மேற்பட்டோர், அங்கே சிகிச்சை பெறும் மக்களாகவே இருக்கவேண்டும் என்பது சட்டம். நோயாளியே நிர்வாகி! இதைத்தான் நாம் மக்களாட்சி என்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் தனி மானியம் எதற்கு என்கிறார்களா? கணக்கைக் காட்டுவோம். 1985-ல் அமெரிக்கச் சர்க்காரே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, வெள்ளையரின் இறப்பு விகிதத்தோடு ஒப்பிட்டால், சிறுபான்மை மக்களிடையே ஆண்டுக்குச் சுமார் 60,000 சாவுகள் மிகுதி என்றது. மறு ஆண்டே சிறுபான்மையோர் நல்வாழ்வுக்கென்று தனி அலுவலகம் ஏற்பட்டது. 2023-ம் ஆண்டுக் கணக்கோ இன்னும் நெஞ்சைச் சுடுகிறது. ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், வெள்ளையரிலே உயிரிழந்த தாய்மார் 14.5, கறுப்பரிலே 50.3! ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே சட்டம். தாயின் சாவு மட்டும் மும்மடங்குக்கு மேல்! பள்ளம் தனியாக இருக்கிறது. அதை நிரப்பும் மண் மட்டும் பொதுவாகத் தூவப்படவேண்டுமாம். மேட்டிலும் பள்ளத்திலும் சமமாக மண்ணைத் தூவினால் நிலம் சமமாகுமா? மண்வெட்டி பிடித்த தோழனைக் கேட்டால் சொல்வான்!

ஆகவே தோழர்களே, எந்தச் சர்க்காராயினும் "மானியம் தந்தோம், மானியம் தந்தோம்" என்று மேளம் கொட்டும்போது, தொகையைக் கேட்டு மயங்கவேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என்ன நிபந்தனையோடு தருகிறீர்கள்? யார் கையிலே தருகிறீர்கள்? கடைசியில் உள்ளவன் கட்டிலருகே அது போய்ச் சேர்ந்ததா?

மானியம் மன்னன் வீசும் பொற்காசல்ல. மண்வெட்டி பிடித்தவனும் மில்லிலே உழைத்தவனும் செலுத்திய வரி, சுற்றிவந்து அவன் வீட்டு வாசலிலே நிற்கிறது. வாசலிலே நிற்பதைக் கும்பிட்டு வாங்கவேண்டியதில்லை. கணக்குக் கேட்டு வாங்கவேண்டும்!