நாலு நல்ல வார்த்தை போதாது

உயர்தரம் முடித்த பிள்ளை ஒன்று, "உளவளத்துணை படித்து, குடிக்கு அடிமையானவர்களோடு வேலை செய்யப் போகிறேன்" என்று ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்ட வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும். "ரீச்சர் வேலைக்குப் போ, நர்ஸ் ஆகு, குடிகாரனுக்குப் புத்தி சொல்வதற்கும் ஒரு படிப்பா?" தோட்டத் தலைவர் சொல்வார், கோயில் ஐயர் சொல்வார், பாதர் சொல்வார். நல்ல மனமும் நாலு நல்ல வார்த்தையும் போதும் என்று மலையகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லக் கூடியது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பல வருடங்களாகத் தினமும் கடுமையாகக் குடித்த ஒருவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், சூடம் அணைத்துச் சத்தியம் வாங்குகிறோம். அவரும் மனமார நிறுத்துகிறார். சில மணித்தியாலங்களில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் போகிறது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் இல்லாத பூச்சி ஊரும், வாசலில் இல்லாத ஆள் கூப்பிடுவார், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிர் போகும். இதைப் பார்த்ததும் லயத்தில் நாம் பேய் என்கிறோம், செய்வினை என்கிறோம். கோடாங்கிக்கு ஆள் அனுப்புகிறோம். கூப்பிட வேண்டியது 1990 அம்புலன்ஸை. ஆஸ்பத்திரியில் டயசிபாம் போன்ற மருந்தும் தயமின் என்ற விற்றமினும் கொடுத்து இதே மனிதரைக் காப்பாற்ற முடியும். யாரை வீட்டிலிருந்தே நிறுத்தச் சொல்லலாம், யாரை உடனே வாட்டில் சேர்க்க வேண்டும் என்று பிரித்தறிவது இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம். நல்ல மனது அதைச் சொல்லித் தராது.

சரி, அந்தப் புத்திமதியாவது வேலை செய்கிறதா? "பிள்ளைகள் முகத்தைப் பார், பெண்டாட்டி காதில் கிடந்த தோடும் அடகுக் கடைக்குப் போய்விட்டது, வெட்கமாக இல்லையா?" என்கிறோம். குடிப்பவருக்கு இதில் புதிய செய்தி எதுவும் இல்லை. நிறுத்த வேண்டும் என்று ஒரு மனமும், முடியாது என்று ஒரு மனமும் அவருக்குள் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் ஒன்றின் பக்கம் நின்று அடித்துப் பேசினால் அவர் மற்றதன் பக்கம் நின்று பதில் சொல்வார்: "மழையில் நின்று கவ்வாத்து வெட்டுகிறவனுக்குத்தான் உடம்பு வலி தெரியும்." வாதத்தில் நாம் ஜெயிக்க ஜெயிக்க, குடிக்கான காரணங்களை அவர் தன் வாயாலேயே உறுதிப்படுத்திக்கொள்கிறார். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் இதை எழுதினார். பிறகு இதைத் தலைகீழாக்கும் ஒரு பேச்சு முறையே வளர்ந்தது. பயிற்சி பெற்றவர் கேட்பது வேறு: "போன மாதம் நாலு நாள் குடிக்காமல் இருந்தீர்களே, அது எப்படி முடிந்தது?" நிறுத்த வேண்டிய காரணத்தை அந்த மனிதரே தேடிச் சொல்கிறார். எளிதாகத் தெரியும் இந்தக் கேள்வியை, எதிரில் இருப்பவர் பொய் சொல்லும்போதும், ஆத்திரப்படும்போதும், பத்தாவது தடவை விழுந்து எழுந்து வரும்போதும் முகம் மாறாமல் கேட்கப் பழக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். தவறைக் காட்டித் திருத்த மேற்பார்வையாளர் வேண்டும்.

இரகசியம் காப்பதும் பயிற்சிதான். அடுத்த காம்பராவில் இருமினால் இந்தக் காம்பராவில் கேட்கும் லயத்தில், தலைவரிடம் அழுது சொன்னது மறுநாள் காலைப் பெரட்டில் பேச்சாகிவிடுகிறது. அடிவாங்கும் மனைவியை அடிக்கும் கணவனுக்கு முன்னால் உட்காரவைத்து "உண்மையைச் சொல்லு தாயி" என்று விசாரிக்கும் பெரியவர் நல்லவராகவே இருக்கலாம். அன்றிரவு அந்தப் பெண்ணுக்கு விழும் அடிக்கு அவர்தான் வழி திறந்துவிட்டார்.

"மாலை போட்டால் விட்டுவிடுகிறானே" என்பார்கள். உண்மை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் மண்டல காலம் முழுதும் சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிறார். காரணம் மிரட்டலோ புத்திமதியோ அல்ல. அதிகாலைக் குளியல், கட்டுப்பாடான சாப்பாடு, மாலையில் கூடிப் பஜனை, சாமி என்று கூப்பிடும் ஊர். நாள் முழுவதையும் ஒழுங்குபடுத்தி, கூட்டத்தையும் கௌரவத்தையும் சேர்த்துத் தருகிறோம். மாலையைக் கழற்றும் அன்று அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். அதற்கடுத்த நாளிலிருந்து அவரோடு யார் நடப்பது? உளவளத்துணையாளரின் வேலை பெரும்பாலும் அந்த நாளில்தான் தொடங்குகிறது.

இன்னொரு கூட்டம் அடித்துத் திருத்தலாம் என்கிறது. போதைப்பொருளுக்கு அடிமையானவர்களைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப வழி செய்யும் சட்டம் 2007 முதல் இலங்கையில் இருக்கிறது. இராணுவக் கட்டுப்பாட்டில் நடந்த கந்தக்காடு போதை மறுவாழ்வு முகாமில் 2022 ஜூனில் ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அடியின் பலன் அது.

பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோவாவில் சங்காத் அமைப்பினர் உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்து, பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தினார்கள். தீங்கு தரும் அளவுக்குக் குடித்த 377 ஆண்களிடம் நடந்த அந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்தின் பின், துணை பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 26 சதவீதத்தினர். நூற்றுக்குப் பத்துப் பேர் அதிகம், அதுவும் அதிகபட்சம் நாலு சந்திப்புகளில். கொழுந்து எடுக்கும் தாயின் மகளும் இதைச் செய்யலாம். பயிற்சி பெறாமல் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கமே தகுதி என்று அவர் இருந்துவிடவில்லை. அமெரிக்கா போய் இதற்கென்றே பயின்றார். 1980இல் அவர் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையின் குழு, மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாமிட்டுச் சிகிச்சை கொடுத்தது.

நமக்கும் வாசல் மூடியில்லை. சீதுவையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. சமூகப்பணிக் கல்வியில் அதன் வேர் 1952க்குப் போகிறது. போதை சிகிச்சையாளர்களுக்கு உலகின் பல நாடுகளில் கற்பிக்கப்படும் பாடத்திட்டத்தை நடத்தும் கொழும்புத் திட்டம் என்ற சர்வதேச அமைப்பின் தலைமையகம், ஹட்டனிலிருந்து ரயிலேறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. லயத்தில் பிரசவம் பார்க்கக் கைராசி போதும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். இன்று பயிற்சி பெற்ற மருத்துவமாது இல்லாத தோட்டத்தை ஏற்றுக்கொள்வோமா?

தொழிற்சங்கத் தலைவர்களே, தோட்டக் கம்பனிகளே, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தாரே: ஒவ்வொரு தோட்ட மருந்துச்சாலைக்கும் தமிழ் பேசும், பயிற்சி பெற்ற ஓர் உளவளத்துணையாளரைச் சம்பளத்தோடு நியமியுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொடுங்கள்.