சைலன்சருக்கு வரி போனது சரி, பதிவேடு போகக் கூடாது

2024 டிசம்பர் 4 அன்று காலை, நியூயார்க்கின் ஹில்டன் ஓட்டல் வாசலில் யுனைடெட் ஹெல்த்கேர் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் தாம்ப்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கண்காணிப்பு கேமராவில் பதிவான காட்சி உலகம் முழுக்கப் பரவியது. சுட்டவர் கையில் சைலன்சர் மாட்டிய பிஸ்டல். ஒரு முறை சுட்டதும் அதன் மேல்பகுதியைக் கையால் பின்னுக்கு இழுத்துவிடுகிறார், பிறகு மறுபடி சுடுகிறார். இவ்வளவு நிதானமாகச் செய்கிறவர் பழகிய கூலிக் கொலையாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் முடிவுகட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுப் பிரிவு பயன்படுத்திய, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இயக்க வேண்டிய வெல்ராட் பிஸ்டலின் இன்றைய வாரிசு அது என்றும் பேச்சு எழுந்தது. ஐந்து நாள் கழித்து, பென்சில்வேனியா மாநிலத்தின் ஆல்டூனா நகரில் 26 வயது இளைஞர் ஒருவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த துப்பாக்கியும் சைலன்சரும் என்றது காவல்துறை. அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார்.

அந்தக் காட்சியில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் நூறாண்டுக்கு முன் வகுத்த வழியில்தான் இயங்குகின்றன. தோட்டா வெடித்ததும் குழலும் அதற்கு மேலுள்ள ஸ்லைடும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சில மில்லிமீட்டர் பின்னுக்குப் போகும். பிறகு குழலின் பின்முனை தாழ்ந்து பூட்டு விலகும். ஸ்லைடு மட்டும் மேலும் பின்னே ஓடி, காலி உறையை வெளியே தள்ளிவிட்டு, திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றும். இந்த ஓட்டத்துக்கு வேண்டிய உந்துதல் அளந்து வைத்தது. குழலின் நுனியில் கூடுதலாக ஒரு பாரம் ஏறினால் குழல் மந்தமாகிவிடும், ஸ்லைடு பாதி வழியில் நின்றுபோகும், காலி உறை சிக்கிக்கொள்ளும். தேர்ந்த நிறுவனங்கள் இதற்கென்றே ஸ்பிரிங் வைத்த அமைப்பைச் சைலன்சரோடு சேர்த்துத் தருகின்றன. அப்போதும் வலுக்குறைந்த தோட்டாவோ படிந்த கரியோ ஓட்டத்தைக் கெடுத்துவிடும். பயிற்சி மையங்களில் சுடுகிறவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. ஊர் முழுக்க ரகசிய ஆயுதம் என்று பேசியது, பெரும்பாலும் இந்தப் பழைய கோளாறுதான்.

சைலன்சரைப் பற்றிய பொது அறிவு சினிமாவிலிருந்து வருவதால்தான் இத்தனை குழப்பம். திரையில் அது ஒரு மெல்லிய 'புஸ்' என்ற ஓசை. நிஜத்தில் 9 மி.மீ. பிஸ்டலின் வெடிச்சத்தம் ஏறத்தாழ 160 டெசிபல், சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிஞ்சும் சத்தமும் பக்கத்து அறைக்குத் தாராளமாகக் கேட்கும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பாயும் தோட்டா காற்றைக் கிழிக்கும் ஓசையை எந்தச் சைலன்சராலும் தடுக்க முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஹைரம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியைப் படைத்த ஹைரம் மாக்சிமின் மகன். தந்தை கடைசிக் காலத்தில் காது கேளாதவராகிவிட்டார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மகன் 1909இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். வெடித்து வெளியேறும் வாயுவை அடுத்தடுத்த அறைகளில் விரியவிட்டு, வேகம் தணித்து வெளியே அனுப்புவதுதான் சூத்திரம். இயந்திரங்களின் இரைச்சலைத் தணிக்கவும் அவர் நிறுவனம் இதே வழியில் கருவிகள் செய்தது. நம் ஊர் மோட்டார் சைக்கிள் சைலன்சரும் அந்தக் குடும்பம்தான்.

1934இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொள்ளைக் கும்பல்களின் இயந்திரத் துப்பாக்கிகளே அதன் முதல் இலக்கு. சைலன்சரும் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் ஏன் என்று அவையில் விவாதம் அதிகம் நடக்கவில்லை. 200 டாலர் வரி, அரசுப் பதிவேட்டில் பெயர், கைரேகை. பதிவில்லாமல் வைத்திருந்தால் இன்று 10 ஆண்டு வரை சிறை. அந்தக் காலத்தில் 200 டாலர் என்பது பொருளின் விலையைவிடப் பல மடங்கு. தொண்ணூறு ஆண்டுகளாக அந்தத் தொகை மாறவே இல்லை. பணவீக்கமே வரியைக் கரைத்தது. 2021இல் பதிவான சைலன்சர்கள் 26 லட்சத்தைத் தாண்டியிருந்தன.

வரி வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 140 டெசிபலுக்கு மேற்பட்ட ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும். அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் இழப்பீடு பெறும் பாதிப்புகளில் காதிரைச்சலே முதலிடத்தில் இருக்கிறது. மெரைன் படை தன் காலாட்படைப் பிரிவுகளுக்குச் சைலன்சர் வழங்க 2020இல் முடிவெடுத்தது. நார்வே, பின்லாந்து வேட்டைக்காரர்களிடம் அது சாதாரணக் கருவி. கேட்கும் திறனைக் காக்கும் ஒரு பொருளுக்குத் தண்டனைபோல வரி விதிப்பது நியாயமில்லை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. இதுவரை குறை சொல்ல எதுவுமில்லை.

கவலை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை முன்வைத்தவர்கள் சைலன்சரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கப் பார்த்தார்கள். வரவு செலவு மசோதாவில் அதற்கு இடமில்லை என்று செனட் அவையின் விதி ஆலோசகர் சொன்னதால்தான் பதிவு தப்பியது. இப்போது போராட்டம் நீதிமன்றத்துக்கு மாறியிருக்கிறது. 1937இல் உச்ச நீதிமன்றம் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்றது, வரி விதிக்க நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தின் பேரில். வரியே இல்லை என்றான பிறகு பதிவுக்கு என்ன ஆதாரம் என்று துப்பாக்கி அமைப்புகள் வழக்குத் தொடுத்திருக்கின்றன. வாதம் சாமர்த்தியமானது. அது வென்றால் லட்சக்கணக்கான சைலன்சர்கள் யார் கையில் இருக்கின்றன என்பதே தெரியாமல் போகும்.

சைலன்சரால் குற்றம் நடப்பது மிக அபூர்வம், ஆகவே பதிவு வீண் என்கிறார்கள். அபூர்வம் என்பது உண்மை. துப்பாக்கிகளை மேற்பார்வையிடும் அமெரிக்க அரசு அமைப்பின் மூத்த அதிகாரி ஒருவரே 2017இல் அப்படி எழுதினார். ஆனால் அந்த எண்ணிக்கை கைரேகையும் பின்னணிச் சோதனையும் கட்டாயமாக இருந்த காலத்தின் எண்ணிக்கை. வேலி நின்றதால் பயிர் மேயப்படவில்லை. பயிர் பத்திரமாக இருக்கிறதே, வேலி எதற்கு என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

வேலியும் முழுமையானதல்ல என்பதற்கு வர்ஜீனியா பீச் சாட்சி. 2019 மே 31 அன்று அந்த நகராட்சி வளாகத்தில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் .45 பிஸ்டலில் சைலன்சர் இருந்தது. கேட்டது துப்பாக்கிச் சத்தம் என்றே முதலில் தெரியவில்லை என்று உயிர் பிழைத்தவர்கள் சிலர் சொன்னார்கள். அப்போது அதிபராக இருந்த டிரம்ப், சைலன்சர் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் தடை பற்றி யோசிப்பதாகவும் பேசினார். ஆறு ஆண்டு கழித்து வரியை நீக்கிக் கையெழுத்திட்டவரும் அவரே.

வீட்டில் அச்சடித்த சைலன்சர் பதிவேட்டுக்குள் வரவே வராது, பிறகு பதிவேட்டால் என்ன பயன் என்ற கேள்வியும் உண்டு. பதிவில்லாத ஒன்று ஒருவர் பையில் கிடைத்தால், அதை வைத்து ஒருவரும் சுடப்படுவதற்கு முன்பே கைது செய்யும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தருவது இந்தப் பதிவுக் கட்டாயம்தான். அதை எடுத்துவிட்டால் அச்சடித்ததும் ஆலையில் செய்ததும் சட்டத்தின் முன் ஒன்றாகிவிடும்.

இந்தியாவில் துப்பாக்கி உரிமம் உள்ளவருக்கும் சைலன்சர் கிடையாது. ஆயுத விதிகள் அதைத் தடைசெய்த வகையில் வைத்திருக்கின்றன. அமெரிக்கா அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நீதிமன்றம் வரி அதிகாரத்தை ஏற்க மறுத்தாலும், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அதன் அடிப்படையில் பதிவையும் பின்னணிச் சோதனையையும் தனிச் சட்டமாகவே அது இயற்ற வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே செய்ய வேண்டும்.