கம்பியில் கோத்த கடிதங்கள்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பழைய வீடுகளில் உத்தரத்தில் ஒரு கடிதக் கம்பி தொங்கும். வந்த கார்டைப் படித்து முடித்ததும் அதில் குத்திவிடுவார்கள். போகிக்குப் போகி அந்தக் கம்பிகள் காலியாகி வருகின்றன. மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறோம்.

1879 ஜூலையில் காலணாவுக்கு வந்தது அஞ்சலட்டை. ஒட்டி மூடாத கடிதம். எழுத்தறியாத வீட்டில் தபால்காரரே வாசித்தும் காட்டுவார். ஊரறியச் சொல்லக்கூடியதே அதில் ஏறியது. நாங்கள் பார்த்த ஒரு கார்டில் மருமகன் மாமனாருக்கு எழுதுகிறார்: வியாழக்கிழமை சின்னசேலத்தில் ரயில் இறங்குகிறோம், பிள்ளைத்தாய்ச்சி கூட வருவதால் கூண்டு வண்டி அனுப்பவும். இடம் போதாமல், விதைக்கடலை விலை கேட்கும் வரி ஓரத்தில் குறுக்காக ஏறி முகவரியைத் தொட்டு நிற்கிறது.

முகவரிப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. அதே தெரு, அதே வீடு. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. முத்திரை அழிந்த கார்டுக்கும் இப்படி ஓரளவு காலம் சொல்லலாம்.

மூலையில் மஞ்சள் தடவி வந்தவை தங்கின. சாவுச் செய்தி வந்த கார்டை வாசலிலேயே கிழித்துப் போட்டார்கள். ஆகவே கம்பியில் மிஞ்சியதை வைத்து அந்த வீட்டில் துக்கமே இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.

கல்வராயன் மலையில் நிலைமை வேறு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை. பள்ளிக்கூடம் தாமதமாகவே ஏறியது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம் தேடவேண்டியது மணியார்டர் படிவத்தின் அடித்துண்டு. வெளியூர் வேலைக்குப் போனவர் யாரிடமோ சொல்லி எழுதவைத்த இரண்டு வரி அதில் இருக்கும். கையெழுத்து இன்னொருவருடையது, பேச்சு அவருடையது. எங்களுக்கு அந்தத் துண்டுதான் பெரிது. உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்கள் நூலாகியிருக்கின்றன. புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவையும் வந்துவிட்டன. அந்த மலையின் வெள்ளிமலைக்கு வந்த வரிகளுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

வைத்திருப்பவர்கள் தகவல் சொன்னால் நாங்களே வந்து இருபுறமும் படமெடுத்துக்கொண்டு, கடிதங்களை உங்களிடமே விட்டு வருவோம். குடும்பத்தார் சம்மதிக்காத எதையும் அச்சிட மாட்டோம். அதுவரை கம்பியிலிருந்து உருவாதீர்கள். அடியில் கிடப்பது மூத்தது, அந்த வரிசை கலைந்தால் திரும்ப அடுக்க முடியாது.