தனி ஆள் தூக்கும் மூட்டை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊர்களிலிருந்து இளைஞர்கள் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்விடுகின்றனர். களத்தில் நெல் இருக்கும்போது மழை வந்தால், வீட்டிலிருக்கும் முதியவரோ பெண்ணோ 75 கிலோ மூட்டையைத் தனியே தூக்க முற்படுகின்றனர். மூட்டை நனைந்தால் சிறிது நஷ்டம். இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரு போகமே நஷ்டம்.

வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. பெண்களுக்கு இதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். அரசு நெல் கொள்முதல் நிலையங்களிலும் 40 கிலோ மூட்டைதான். அப்படியிருக்க, விதைக்கும் சாப்பாட்டுக்கும் வைக்கும் நெல்லை 75 கிலோவாகப் பிடிப்பானேன்? 25 கிலோ வீதம் சிறு சாக்குகளில் பிடிப்பதே மேல். சாக்குச் செலவு சற்றுக் கூடும். வைத்தியச் செலவை நோக்க அது சொற்பம்.

முன்னோர் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நாட்டியது, வழிப்போக்கர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றவே. அதுபோல வீட்டிலும் இடுப்பு உயரத்தில் மேடை அமைத்து மூட்டைகளை வைக்கலாம். தரையிலிருந்து தூக்க நேர்ந்தால், முழங்காலை மடக்கி, மூட்டையை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். சுமையோடு இடுப்பை முறுக்காமல், பாதங்களை மாற்றி வைத்துத் திரும்ப வேண்டும்.

பிறகு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டாலோ, எண்ணெய் தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.

துணைக்கு ஆள் வரும்வரை நெல்லைத் தார்ப்பாயால் மூடி வைப்பது சோம்பலல்ல, அதுவே விவேகம்.